புதுசா மேனேஜர் ஆனவங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

நான் டீம் நடத்த ஆரம்பிச்சு பதினாலு வருஷம் ஆகுது. கடைசி அஞ்சாறு வருஷமா புதுசா மேனேஜர் ஆகறவங்களோட உக்காந்து பேசறதும் என் வேலைல ஒரு பகுதி. ஆள் மாறினாலும் கேள்வி மட்டும் மாறவே இல்ல, ஃபேக்டரில சூப்பர்வைசரா இருக்கறவரும் அதையே கேக்கறார், ஆபீஸ்ல டீம் லீடா இருக்கறவங்களும் அதையே கேக்கறாங்க. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னத பிடிச்சுக்கிட்டு போகும், அதனால முதல்லேந்து படிச்சா நல்லது.

நேத்து வரைக்கும் டீம்ல ஒருத்தனா வேலை பாத்தேன், இன்னிக்கு நீதான் மேனேஜர்னு சொல்லிட்டாங்க. முதல் வாரம் என்ன பண்ணணும்?

எதையும் மாத்தாதீங்க. புதுசா வந்தவர் எதையாவது செஞ்சு காட்டணும்னு ஒரு வேகம் இருக்கும், அத கொஞ்சம் அடக்கி வச்சுட்டு டீம்ல ஒவ்வொருத்தரோடயும் தனியா அரை மணி நேரம் உக்காருங்க. இப்போ உங்க கைல என்னென்ன வேலை இருக்கு, அதுல எது தேவையில்லாம உயிர வாங்குது, நான் கை வைக்காம அப்படியே விட வேண்டியது எது. இந்த மூணையும் கேளுங்க, நடுவுல பேசாம கேளுங்க, எழுதிக்கங்க.

அதுல சொன்ன தொல்லைகள்ல ஒண்ணே ஒண்ண, சின்னதா இருந்தாலும் பரவால்ல, ரெண்டு வாரத்துக்குள்ள தீத்து வைங்க. யாருமே படிக்காத ஒரு ரிப்போர்ட்ட வாராவாரம் அனுப்பிட்டிருப்பாங்க, அத நிறுத்துங்க. சொன்னா நடக்குதுன்னு ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா அடுத்து பெரிய விஷயத்தையும் உங்ககிட்ட சொல்லுவாங்க.

வேலை நல்லா தெரிஞ்சாலே போதாதா? அதனாலதான எனக்கு ப்ரமோஷனே குடுத்தாங்க?

அதனாலதான் குடுத்தாங்க, பிரச்சினையும் அங்கதான் ஆரம்பிக்குது. அமெரிக்காவுல 131 கம்பெனிகளோட சேல்ஸ் ஆட்கள் விவரங்களை வச்சு 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு. யார் நிறைய வித்தாங்களோ அவங்களத்தான் மேனேஜர் ஆக்கியிருக்காங்க, ஆனா அப்படி நல்லா வித்து மேல போனவங்களுக்கு கீழ இருந்தவங்களோட விற்பனை குறைஞ்சிருக்கு. விக்கறது ஒரு வேலை, விக்கறவங்கள வளக்கறது வேற வேலை.

கூகுள்ல 2009 வாக்குல மேனேஜர்களே தேவையான்னு பாக்கப்போய், நல்ல மேனேஜருக்கு எட்டு குணம்னு ஒரு பட்டியல் போட்டாங்க. முதல் இடத்துல வந்தது கூட இருந்து கத்துக்குடுக்கறது. டெக்னிக்கல் அறிவு எட்டாவது, கடைசி. வேலை தெரியாம இருக்கலாம்னு இதுக்கு அர்த்தம் கிடையாது, தெரியாதவர் பேச்ச டீம் மதிக்காது. தெரிஞ்சிருக்கறது உள்ள வர்றதுக்கான டிக்கெட், அவ்வளவுதான்.

ஆளுங்கள நல்லா நடத்தணும்னு சொல்றீங்க, அதுன்னா என்ன? செல்லம் குடுக்கறதா?

செல்லம் குடுக்கறதும் ஒரு வகைல அலட்சியம்தான். ஒருத்தர் செய்யற தப்ப மூஞ்சிக்கு நேரா சொல்ல சங்கடப்பட்டுட்டு, நீங்களே ராத்திரி உக்காந்து சரிபண்ணி அனுப்பிடறீங்கன்னு வைங்க, அவருக்கு நீங்க நல்லது பண்ணல. ஒரு வருஷம் கழிச்சு அப்ரைசல்ல அது மொத்தமா அவர் தலைல வந்து விழும்.

என்னைக் கேட்டா நல்லா நடத்தறதுன்னா சில சாதாரண விஷயங்கள்தான். என்ன எதிர்பாக்கறோம்னு தெளிவா சொல்றது. சொன்ன நேரத்துக்கு மீட்டிங்க முடிக்கறது. லீவு கேட்டா காரணம் தோண்டாம குடுக்கறது. அவங்க செஞ்ச வேலைய மேல சொல்லும்போது அவங்க பேர சொல்லி சொல்றது. ஒரு கண்ணுல வெண்ணெய், இன்னொரு கண்ணுல சுண்ணாம்புன்னு இல்லாம ஒரே அளவுகோல் வச்சுக்கறது. இதுல ஒண்ணுக்கும் பட்ஜெட் தேவையில்ல, யார்கிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்ல.

கத்தினாத்தான் வேலை நடக்குது சார். அன்பா சொன்னா யாரும் அசையறதில்ல, நான் என்ன பண்றது?

இதத்தான் அதிகமா கேக்கறாங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். டேனியல் கானமன்னு ஒரு உளவியலாளர், 2002ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவர், இளவயசுல இஸ்ரேல் விமானப்படை பயிற்சியாளர்களுக்கு பாராட்டினா ஆள் நல்லா கத்துப்பான்னு பாடம் எடுத்திருக்கார். ஒரு பயிற்சியாளர் எழுந்து நின்னு, நீங்க சொல்றது தப்பு, நான் பாராட்டினா அடுத்த தடவ சொதப்பறான், திட்டினா அடுத்த தடவ நல்லா ஓட்டறான்னு சொன்னாராம். அவர் பாத்தது உண்மைதான், அதுக்கு அவர் சொன்ன காரணம்தான் தப்பு. யாரா இருந்தாலும் ரொம்ப மோசமா செஞ்ச நாளுக்கு அடுத்த நாள் தன்னால வழக்கமான அளவுக்கு வந்துருவாங்க, பிரமாதமா செஞ்ச நாளுக்கு அடுத்த நாள் கொஞ்சம் இறங்கத்தான் செய்வாங்க. நீங்க மோசமான நாள்ல மட்டும் கத்தறதால, கத்தினதாலதான் சரியாச்சுன்னு உங்களுக்கு தோணுது.

ஆனா கத்தறதுக்கு ஒரு விலை உண்டு, அது உடனே கண்ணுக்கு தெரியாது. நான் டீம் லீட் ஆன ரெண்டாவது வருஷம் ஒரு ரிப்போர்ட் லேட்டானதுக்காக ஒரு பொண்ண எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு கேள்வி கேட்டேன். அடுத்த மாசம் இன்னொரு பையன் ஒரு கஸ்டமருக்கு வேற கஸ்டமரோட விலைப்பட்டியல தவறுதலா அனுப்பிட்டான். திங்கக்கிழமை அனுப்பினது, எனக்கு வியாழக்கிழமை கஸ்டமர் போன் பண்ணித்தான் தெரியும். ஏன்டா சொல்லலன்னு கேட்டதுக்கு அவன் பேசல, போன எடுத்து காட்டினான். எனக்கு திங்கக்கிழமை சாயங்காலமே டைப் பண்ணி அனுப்பாம விட்ட ஒரு மெசேஜ்: "ஒரு சின்ன தப்பு ஆயிடுச்சு, அஞ்சு நிமிஷம் பேசலாமா?" அப்புறம் மெதுவா, "போன மாசம் அவங்கள நிக்க வச்சீங்கல்ல, அத பாத்துட்டேன்"ன்னு சொன்னான். நான் கத்தினது ஒருத்தர்கிட்ட, வாய மூடிக்கிட்டது மொத்த டீமும். திங்கக்கிழமையே தெரிஞ்சிருந்தா ஒரு போன்ல முடிஞ்சிருக்கும்.

அதுலேந்து நான் என்னையே அளந்து பாக்கறது ஒரே ஒரு விஷயத்த வச்சுத்தான்: ஒரு கெட்ட செய்தி என் காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகுது.

தப்பு நடந்தா யாரும் வந்து சொல்ல மாட்டேங்கறாங்க. "எதுவா இருந்தாலும் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுத்தான் இருக்கேன்.

சொல்லுங்கன்னு சொல்றதால யாரும் சொல்ல மாட்டாங்க. முதல்ல வந்து சொன்னவருக்கு என்ன ஆச்சுன்னு பாத்துட்டுத்தான் அடுத்தவர் முடிவு பண்ணுவார்.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆய்வாளர், 90கள்ல ஆஸ்பத்திரி டீம்கள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புகள எண்ணிப் பாத்தாங்க. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சா, கணக்கு தலைகீழா வந்துச்சு, நல்ல டீம்லதான் தப்பு அதிகம். தோண்டிப் பாத்தா, நல்ல டீம்ல தப்ப வெளில சொல்றாங்க, மத்த டீம்ல மறைக்கறாங்க. கூகுள்ல சுமார் 180 டீம்கள எடுத்து எது நல்ல டீம்னு பாத்தப்பவும் முதல் இடத்துல வந்தது இந்த பயமில்லாம பேசற தன்மைதான். டொயோட்டா ஃபேக்டரில லைன்ல நிக்கற யார் வேணும்னாலும் ஒரு கயித்த இழுத்து உதவி கூப்பிடலாம், சரியாகலன்னா லைனே நின்னுடும். இழுத்தா டீம் லீடர் ஓடி வருவார், எதுக்குடா இழுத்தன்னு சண்டைக்கு இல்ல, என்ன பிரச்சினைன்னு பாக்க.

அதனால அடுத்த தடவ ஒருத்தர் தப்ப சொல்ல வந்தா, உங்க வாய்லேந்து வர்ற முதல் வாக்கியம் "சொன்னதுக்கு தேங்க்ஸ், இப்போ என்ன பண்ணலாம்"னு இருக்கட்டும். யார் பண்ணினா, ஏன் பண்ணினன்னு கேக்கறதெல்லாம் தீ அணைஞ்ச பிறகு. அப்போ கூட "உனக்கு ஏன் தெரியல"ன்னு கேக்காம "இது நடக்கறதுக்கு எங்க இடம் குடுத்தோம்"னு கேளுங்க, பதில்ல வித்தியாசம் தெரியும்.

மாசாமாசம் தனியா கூப்பிட்டு பேசறேன். எல்லாரும் "எல்லாம் நல்லா போகுது"ன்னு மட்டும் சொல்லிட்டு போயிடறாங்க.

மாசம் ஒரு தடவன்னா அது விசாரணை மாதிரி ஆயிடும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ இருபது நிமிஷம் வைங்க. வேலை ஸ்டேட்டஸ் அங்க கேக்காதீங்க, அதுக்கு மெயில் இருக்கு. இது அவங்களோட நேரம்னு அவங்களுக்கு தெரியணும். "எல்லாம் ஓகேவா"ன்னு கேட்டா ஓகேன்னுதான் வரும். "இந்த வாரம் எந்த வேலைல ரொம்ப நேரம் வீணாச்சு?", "நான் செய்யறதுல எது உங்களுக்கு இடைஞ்சலா இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு பேசாம இருங்க. பத்து செகண்ட் அமைதி ரொம்ப கஷ்டமா இருக்கும், நிறைய மேனேஜருங்க அத தாங்க முடியாம தானே பேச ஆரம்பிச்சுடறாங்க, அவர் வாய திறக்கப் போன நேரத்துல.

இன்னொண்ணு, அந்த மீட்டிங்க கேன்சல் பண்ணாதீங்க. தள்ளி வைங்க, ஆனா கேன்சல் வேண்டாம்.

நான் ஒவ்வொண்ணையும் பாக்கலன்னா சொதப்பிடறாங்க. அப்புறம் எப்படி நம்பி விடறது?

நீங்க எப்பவும் பாப்பீங்கன்னு தெரிஞ்சதாலதான் அவங்க பாக்கறதில்ல. கடைசில ஒருத்தர் வரி வரியா திருத்துவார்னா நான் ஏன் உசுர குடுத்து சரிபாக்கணும்னு யாருக்கும் தோணும்.

ஒரே நாள்ல மொத்தமா விட்டுடவும் வேண்டாம், அது கைய கழுவறது. வேலைய குடுக்கும்போதே முடிஞ்ச வேலை எப்படி இருக்கணும், எந்த நாளுக்குள்ள, எந்த முடிவ அவரே எடுக்கலாம், எதுக்கு உங்ககிட்ட வரணும்னு இந்த நாலையும் பேசி முடிச்சுடுங்க. நடுவுல எப்போ பாப்பீங்கன்னு ஒரு தேதியும் சொல்லிடுங்க, அந்த தேதி வரைக்கும் "என்னாச்சு என்னாச்சு"ன்னு மெசேஜ் போடாதீங்க. அவர் உங்க வழில செய்யாம வேற வழில செஞ்சு சரியா வந்தா, அதுல கை வைக்காதீங்க. எனக்கு இத கத்துக்க மூணு வருஷம் ஆச்சு. புதுசா வந்தவருக்கு கிட்ட நின்னு காட்டணும், பழகினவருக்கு விலகி நிக்கணும், எல்லாருக்கும் ஒரே தூரம் கிடையாது.

அடிக்கடி பாராட்டினா தலைக்கு ஏறிடாதா?

பாராட்டு தலைக்கு ஏறி கெட்டுப்போன ஒருத்தரையும் நான் இதுவரைக்கும் பாக்கல, பாராட்டே இல்லாம வேலைய விட்டுப் போனவங்கள நிறைய பாத்திருக்கேன். சும்மா "சூப்பர், சூப்பர்"னு எல்லாத்துக்கும் சொன்னா அது காத்தோட போயிடும். "நேத்து அந்த கஸ்டமர் கோவப்பட்டப்ப நீங்க குறுக்க பேசாம கேட்டீங்க, அதனாலதான் அவர் ஆர்டர கேன்சல் பண்ணல"ன்னு என்ன செஞ்சாங்க, அதனால என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. சில பேருக்கு எல்லார் முன்னாடியும் பாராட்டினா கூச்சமா இருக்கும், அவங்கள தனியா கூப்பிட்டு சொல்லுங்க.

தெரேசா அமபிலின்னு ஒரு ஆய்வாளரும் அவங்க குழுவும் 238 பேர்கிட்ட தினமும் வேலைய பத்தி டைரி எழுதச் சொல்லி, கிட்டத்தட்ட 12,000 பதிவுகள படிச்சாங்க. ஆளுங்க உற்சாகமா இருந்த நாட்கள்ல அதிகமா தட்டுப்பட்டது என்ன தெரியுமா, தன் வேலை கொஞ்சமாவது முன்னாடி நகந்துச்சுங்கற உணர்வு. அதனால பாராட்டறதோட நிக்காம, அவங்க வேலைக்கு குறுக்க கிடக்கற கல்ல எடுத்துப் போடுங்க.

ஃபீட்பேக் குடுத்தா மூஞ்சிய தூக்கி வச்சுக்கறாங்க, வேலையும் இன்னும் மோசமாகுது. குடுக்காமலே விட்டுடலாமா?

விடக்கூடாது, ஆனா மோசமாகுதுன்னு நீங்க சொல்றது கற்பனை இல்ல. ஃபீட்பேக் பத்தின பழைய ஆய்வுகள எல்லாம் சேத்து 1996ல க்ளூகர், டெனிஸின்னு ரெண்டு ஆய்வாளர்கள் கணக்கு போட்டாங்க. சராசரியா பலன் இருந்தது, ஆனா மூணுல ஒரு பங்குக்கு மேல ஃபீட்பேக்குக்கு அப்புறம் வேலை இறங்கியிருக்கு. பேச்சு வேலைய விட்டு ஆள் மேல போச்சுன்னா கேக்கறவர் மனசும் வேலைய விட்டுட்டு தன்ன காப்பாத்திக்கறதுல இறங்கிடுது.

"நீங்க பொறுப்பே இல்லாம இருக்கீங்க"ன்னு சொன்னா அவர் தன் பொறுப்ப நிரூபிக்க வாதாடுவார். "இந்த வாரம் ரெண்டு தடவ ஹேண்ட்ஓவர் நோட்ஸ் எழுதாம போயிட்டீங்க, நைட் ஷிஃப்ட்ல வந்தவங்க ஒரு மணி நேரம் தேடினாங்க"ன்னு சொன்னா வாதாட எதுவும் இல்ல. நடந்த ரெண்டு நாளுக்குள்ள, தனியா, ஒரு விஷயம் மட்டும். ஆறு மாசம் சேத்து வச்சு அப்ரைசல் அன்னிக்கு கொட்டறது இருக்கு பாருங்க, அது அநியாயம்னே சொல்லுவேன். அப்ரைசல்ல ஒருத்தர் ஒரு குறைய முதல் தடவையா கேள்விப்படறார்னா தப்பு மேனேஜர் மேல.

சம்பளம் ஏத்தறது என் கைல இல்ல. அது இல்லாம நான் என்ன நல்லா நடத்தி என்ன பிரயோஜனம்?

சம்பளம் முக்கியம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி சொல்றவங்க நல்ல சம்பளம் வாங்கறவங்கதான். 1913ல ஃபோர்ட் கார் கம்பெனில ஒரு வருஷத்துல ஆள் மாறின கணக்கு 370 சதவீதம், அதாவது ஒரு இடத்துக்கு வருஷத்துல மூணு நாலு பேர் வந்து போயிட்டிருந்தாங்க. 1914ல தினக்கூலிய கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆக்கி, ஒன்பது மணி நேரத்த எட்டா குறைச்சாங்க, ஆள் போறது மளமளன்னு குறைஞ்சுது. ஆனா அந்த காசு முழுசா வேணும்னா கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து எப்படி வாழறன்னு பாத்துட்டு போவார். கூலி குடுத்தாங்க, மரியாதைய கழிச்சுக்கிட்டாங்க.

உங்க கைல இருக்கறது என்னன்னா, உண்மைய சொல்றது. ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990ல எழுதின ஒரு ஆய்வு இருக்கு. ஒரு கம்பெனியோட மூணு ஃபேக்டரி, ஆர்டர் குறைஞ்சு போனதால ரெண்டு ஃபேக்டரில பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளம் வெட்டினாங்க. ஒரு இடத்துல தலைவர் நேர்ல வந்து ஒன்றரை மணி நேரம் கணக்கு காட்டி, வருத்தம் சொல்லி, எல்லா கேள்விக்கும் பதில் சொன்னார். இன்னொரு இடத்துல பதினஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டு கிளம்பிட்டாங்க. வெட்டு ஒண்ணுதான், ஆனா ரெண்டாவது ஃபேக்டரில திருட்டு பயங்கரமா ஏறுச்சு, முதல் ஃபேக்டரில ஏறினது அத விட ரொம்ப கம்மி. ஹைக் கிடைக்காதுன்னா கிடைக்காதுன்னு சொல்லுங்க, நான் இவ்வளவு கேட்டேன், இந்த காரணம் சொன்னாங்கன்னு சொல்லுங்க. "பாக்கலாம், பேசிட்டிருக்கேன்"னு இழுத்தடிக்கறதுதான் ஆளுங்களுக்கு ஆறாத கோவத்த குடுக்குது.

அவசரம்னா நைட்டு பத்து மணிக்கு மெசேஜ் போடறது தப்பா? பதில் சொல்ல சொல்லி நான் கட்டாயப்படுத்தறதில்லையே?

நீங்க கட்டாயப்படுத்தல, உங்க பதவி கட்டாயப்படுத்துது. ராத்திரி மேனேஜர் பேர் ஸ்க்ரீன்ல வந்தா அத பாக்காம தூங்கறவங்க கம்மி. உங்களுக்கு மறந்துடும்னா எழுதி வச்சுக்கங்க, காலைல போகற மாதிரி ஷெட்யூல் பண்ணி வைங்க. நிஜமான அவசரம்னா போன் பண்ணுங்க, மெசேஜ்னா அவசரம் இல்லன்னு டீம்ல முன்கூட்டியே பேசி வச்சுக்கங்க.

நேரத்த இழுத்தா வேலை கூடும்ங்கறதும் சரி கிடையாது. முதல் உலகப் போர் காலத்துல பிரிட்டன்ல குண்டு தயாரிச்ச தொழிலாளர்களோட கணக்க ஜான் பென்காவெல்னு ஒரு பொருளாதார நிபுணர் 2014ல திரும்ப எடுத்துப் பாத்தார், வாரத்துக்கு 70 மணி நேரம் உழைச்சப்ப வந்த உற்பத்தி 56 மணி நேரத்துல வந்தத விட பெருசா கூடல. உடம்பும் தாங்காது. வாரம் 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பாக்கறவங்களுக்கு, 35-40 மணி நேரம் பாக்கறவங்கள விட பக்கவாதம் வர்ற வாய்ப்பு 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல சொல்லியிருக்காங்க. டெட்லைன் அடிக்கடி ராத்திரிலதான் முடியுதுன்னா திட்டம் போட்டவர் கணக்குல தப்பு இருக்கு, அது பெரும்பாலும் நம்மதான்.

என்னோட க்ளோஸ் ஃப்ரெண்ட் இப்போ எனக்கு கீழ வேலை பாக்கறான். எப்படி பேசறதுன்னே தெரியல.

முதல் நாளே அவன்கிட்ட வெளிப்படையா பேசிடுங்க, சங்கடமா இருந்தாலும். வேலை விஷயத்துல எல்லாருக்கும் என்னவோ அதுதான் உனக்கும், மத்தவங்கள பத்தி எனக்கு தெரிஞ்சத உன்கிட்ட சொல்ல மாட்டேன், நீயும் கேக்காத. நட்ப முறிக்க வேண்டியதில்ல, ஆனா தினமும் அவனோட மட்டும் சேந்து சாப்பிட போனீங்கன்னா மத்தவங்க பாத்துட்டுத்தான் இருப்பாங்க.

என்னை விட பத்து வயசு பெரியவர் என் டீம்ல இருக்கார். எனக்கு வேலை கத்துக்குடுத்ததே அவர்தான். அவர்கிட்ட எப்படி தப்ப சொல்றது?

மரியாதைய குறைக்காம, விஷயத்தையும் குறைக்காம. "அண்ணே, உங்ககிட்ட இத சொல்ல எனக்கு சங்கடமாத்தான் இருக்கு, ஆனா சொல்லாம விட்டா அது உங்களுக்கு நான் பண்ற அவமரியாதை"ன்னு ஆரம்பிச்சு ஒரு தடவ பேசினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "நீ சொல்லாம பின்னாடி பேசியிருந்தாத்தான் எனக்கு கோவம் வந்திருக்கும்"னார். முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட போய் யோசனை கேளுங்க, எடுத்த முடிவு அவர் சொன்னதுக்கு மாறா இருந்தா ஏன்னு அவருக்கு முதல்ல சொல்லுங்க. உங்க இடம் தனக்கு வந்திருக்கணும்னு அவர் நெனச்சிருக்கலாம், அந்த வருத்தத்துக்கு கொஞ்ச நாள் இடம் குடுங்க.

டீம்லயே நல்லா வேலை செய்யறவர் ஒருத்தர், ஆனா மத்தவங்கள மட்டம் தட்டி பேசறார். அவர் போயிட்டா டார்கெட்ட எட்ட முடியாது, கண்டும் காணாம விடலாமா?

விடாதீங்க. அவர் கொண்டு வர்ற நம்பர் மட்டும்தான் உங்க எக்செல்ல தெரியுது, அவரால வாய திறக்காம உக்காந்திருக்கற நாலு பேரோட நஷ்டம் எந்த ஷீட்லயும் வராது. மேல கத்தறத பத்தி சொன்னேன்ல, மேனேஜர் கத்தாம அவர் கத்தினாலும் டீமுக்கு ஒண்ணுதான், நீங்க பேசாம இருந்தா அது உங்க சம்மதம்.

ஃபீட்பேக் கேள்வில சொன்ன மாதிரியே, எந்த மீட்டிங்ல யார்கிட்ட என்ன வார்த்தை சொன்னார்னு குறிப்பா சொல்லுங்க. கூட வேலை பாக்கறவங்கள எப்படி நடத்தறாருங்கறதும் அவர் வேலைல ஒரு பகுதி, ரேட்டிங்ல அதுவும் வரும்னு சொல்லிடுங்க. நான் பாத்த வரைக்கும் பாதி பேர் மாறிடறாங்க, அதுவரைக்கும் யாரும் அவங்ககிட்ட சொன்னதே இல்ல. மாறாதவர் ஒருத்தர் போனப்ப எனக்கு கைகால் உதறுச்சு, ரெண்டு மாசத்துல மத்த நாலு பேர் அந்த இடத்த நிரப்பிட்டாங்க.

மேல இருந்து ஒரு முடிவு வருது, எனக்கே அது சரியா படல. டீம்கிட்ட என்னன்னு சொல்றது?

"எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, மேல சொல்லிட்டாங்க"ன்னு கை கழுவினா அந்த நிமிஷம் டீம் உங்கள நல்லவர்னு நெனக்கும், அடுத்த வாரத்துலேந்து இவர்கிட்ட சொல்லி ஒண்ணும் ஆகாதுன்னு நெனக்கும். பிரமாதமான முடிவுன்னு பூசி மெழுகினாலும் நம்ப மாட்டாங்க.

முதல்ல மேல போய் உங்க எதிர்ப்ப முழுசா சொல்லுங்க, அது உங்க கடமை. அதுக்கப்புறமும் முடிவு மாறலன்னா டீம்கிட்ட மேல சொன்ன காரணத்த நேர்மையா சொல்லுங்க, உங்க சந்தேகத்த எடுத்து வச்சதையும் சொல்லலாம், இதுக்குள்ள நம்ம கஷ்டத்த எப்படி குறைக்கலாம்னு பேச்ச அங்க கொண்டு போங்க. சட்டத்துக்கு விரோதமானதோ ஒருத்தர் உடம்புக்கு ஆபத்தானதோன்னா கதையே வேற, அத செய்ய மாட்டேன்னு எழுத்துல சொல்லணும்.

எல்லாரும் நல்லா செஞ்சிருக்காங்க, ஆனா ஒருத்தருக்கு கட்டாயம் கம்மி ரேட்டிங் போடணும்னு ஹெச்.ஆர். சொல்றாங்க.

இது மோசமான ஏற்பாடு. மைக்ரோசாஃப்ட்டே வருஷக்கணக்கா இத வச்சிருந்துட்டு 2013ல எடுத்துட்டாங்க. பக்கத்து சீட்ல இருக்கறவர் கீழ போனாத்தான் நான் மேலன்னா யார் யாருக்கு உதவி பண்ணுவாங்க? இருந்தாலும் உங்க கம்பெனில இன்னும் இருக்குன்னா, எல்லாரும் என்ன செஞ்சாங்கன்னு எழுத்துல எடுத்துட்டுப் போய் வாதாடுங்க. தோத்துட்டீங்கன்னா, யாருக்கு அந்த ரேட்டிங் விழுதோ அவர்கிட்ட இல்லாத குறைய கண்டுபிடிச்சு சொல்லாதீங்க. எண்ணிக்கை கட்டாயத்தால வந்ததுன்னு உள்ளத சொல்லுங்க. போன வருஷம் வாங்கினவருக்கே திரும்பவும் போடறது, பிரசவ லீவுல போனவங்க தலைல கட்டறது, இதெல்லாம் வழக்கமா நடக்குது, இத நீங்க செய்யவே கூடாது.

ஒருத்தர் எவ்வளவு சொல்லியும் வேலை செய்யல. அவர வேலைய விட்டு அனுப்பறதும் நல்லா நடத்தறதும் ஒத்து வருமா?

வரும், ஆனா அதுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டியது நிறைய இருக்கு. அவருக்கு என்ன எதிர்பாக்கறோம்னு தெரியுமா, செய்யத் தெரியுமா, செய்ய வேண்டிய கருவியும் நேரமும் இருந்துச்சா, வீட்டுலயோ உடம்புலயோ ஏதாவது இருக்கா. ஓஞ்சு போயிட்டாரான்னும் பாருங்க: எப்பவும் களைப்பு, வேலை மேல வெறுப்பு, எதையும் ஒழுங்கா செய்ய முடியலங்கற நினைப்பு, இந்த மூணும் சேந்து இருக்கறதத்தான் உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்னு சொல்லுது, அது சோம்பேறித்தனம் கிடையாது.

எல்லாம் பாத்து, தேதி போட்டு, என்ன மாறணும்னு எழுதிக் குடுத்து, நடுவுல உதவியும் பண்ணி, அப்புறமும் ஆகலன்னா அனுப்பறது தப்பில்ல. அவர் வேலைய மத்தவங்க எத்தன நாளைக்கு சுமப்பாங்க? சொல்றது நீங்களா இருக்கணும், நேர்லயா இருக்கணும், காதும் காதும் வச்ச மாதிரி முடியணும். குடுக்க வேண்டிய பணத்த ஒரு நாளும் தள்ளாம குடுங்க. அவர் போன பிறகு அவர பத்தி டீம்ல ஒரு வார்த்தை தப்பா பேசாதீங்க, ஏன்னா நாளைக்கு நம்மள பத்தி இப்படித்தான் பேசுவாங்களான்னு மீதி எல்லாரும் கேட்டுட்டு இருப்பாங்க.

நல்ல ஆள் ஒருத்தர் திடீர்னு பேப்பர் போட்டுட்டார். எப்படி நிறுத்தி வைக்கறது?

திடீர்னு உங்களுக்குத்தான், அவர் மனசுல மாசக்கணக்கா ஓடிட்டிருந்திருக்கும். பேப்பர் போட்டப்புறம் சம்பளத்த கூட்டி நிறுத்தலாம், ஆனா முதல்லயே ஏன் குடுக்கலங்கற கேள்வி அவர் மனசுலயே நிக்கும். நோட்டீஸ் பீரியட்ல முகத்த திருப்பிக்காம, நல்லபடியா அனுப்பி வைங்க. போறதுக்கு முன்னாடி "எந்த நாள்ல போகலாம்னு முதல்ல தோணுச்சு?"ன்னு கேளுங்க. ஏன் போறீங்கன்னு கேட்டா நல்ல வாய்ப்புன்னுதான் சொல்லுவாங்க, எந்த நாள்னு கேட்டா நிஜமா நடந்தது வெளில வரும். ஒருத்தங்க என்கிட்ட சொன்னாங்க, அவங்க செஞ்ச வேலைய நான் மீட்டிங்ல "நாங்க செஞ்சோம்"னு சொன்ன நாள்னு.

இதெல்லாம் படிச்சா நான் ஏற்கனவே நிறைய தப்பு பண்ணிட்ட மாதிரி இருக்கு. டீம் என்னை பாத்தா பேச்ச நிறுத்திடறாங்க. இனிமே மாத்த முடியுமா?

முடியும், மெதுவா. புதுசா ஒரு டீம் கொண்டாட்டம் வைக்கறது, மோட்டிவேஷன் பேச்சு பேசறது இதெல்லாம் வேண்டாம், இப்போ அது எடுபடாது. யார்கிட்ட தப்பா நடந்தீங்களோ அவங்ககிட்ட போய், என்ன செஞ்சீங்களோ அத பேர் சொல்லி மன்னிப்பு கேளுங்க. "யாரையாவது புண்படுத்தியிருந்தா"ன்னு பொதுவா கேக்கறது மன்னிப்பு ஆகாது. எல்லார் முன்னாடியும் திட்டியிருந்தீங்கன்னா எல்லார் முன்னாடியும்தான் கேக்கணும். உடனே சகஜமா ஆயிடுவாங்கன்னு எதிர்பாக்காதீங்க.

மேல சொன்ன அந்த விலைப்பட்டியல் விஷயத்துக்கு அடுத்த நாள் நான் அந்த பொண்ணுகிட்ட, அவங்கள நிக்க வச்ச அதே மீட்டிங் ரூம்ல, அதே ஆட்கள் முன்னாடி மன்னிப்பு கேட்டேன். அவங்க "பரவால்ல"ன்னு மட்டும் சொன்னாங்க, முகம் மாறல. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஒண்ணுமே நடக்கல, எல்லாரும் அளந்துதான் பேசினாங்க. ஒரு நாள் காலைல ஒன்பதே காலுக்கு அந்த பையன் என் டேபிள் பக்கத்துல வந்து நின்னான், லேப்டாப்ப திறந்தபடியே பிடிச்சுட்டு. "பத்து நிமிஷத்துக்கு முன்னாடி ஒரு தப்பு பண்ணிட்டேன்"னான். நான் பக்கத்துல இருந்த நாற்காலிய இழுத்து அவனுக்கு போட்டேன்.